மகாராஜா காருக்கு எண்ணெய் மாற்றிய குற்றம்

குறிஞ்சேரி சமஸ்தானத்தில் மனிதர்கள் நாற்பதாயிரம் பேர், மாடுகள் அதைவிட அதிகம், கார் மட்டும் ஒன்றே ஒன்று. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்தக் கார் மகாராஜா வீரகேசரியுடையது. அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் மொய்தீன்பிச்சை, ஒரு வெள்ளிக்கிழமை காலை ராஜதுரோகியாகத் தர்பாரில் நின்றார்.

அவர் செய்த துரோகம் இதுதான்: காருக்கு எண்ணெய் மாற்றினார்.

குற்றம் சாட்டியவர் சாலை மந்திரி தாண்டவராயர். "மகாராஜா! காரோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறது? கியர் பெட்டிக்கும், முன் அச்சு பின் அச்சில் இருக்கிற பல்சக்கரங்களுக்கும், நல்ல சாலையில் ஓடினால் இருபதாயிரம் மைலுக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றினால் போதும். மேடு, சேறு, ஆறு என்று அலைகிற காருக்குத்தான் பத்தாயிரம். இந்த ஆள் பத்தாயிரத்திலேயே மாற்றிவிட்டான். அப்படியென்றால் என்ன அர்த்தம்? மகாராஜாவின் சாலைகள் மோசம் என்று அர்த்தம்!"

சபை 'உச்' கொட்டியது. சாலையைக் குறை சொன்னால் நாடு கடத்தல் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவரும் தாண்டவராயர்தான். சாலை போடுவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"நான் யாரையும் குறை சொல்லலீங்க மகாராஜா" என்றார் மொய்தீன்பிச்சை. "கியர் பெட்டியோட அடைப்பைத் திறந்தேன், எண்ணெய் பால் ஊத்தின டீ மாதிரி வந்துச்சு. உள்ளே தண்ணி போயிருக்கு. அப்படியே விட்டா பல்சக்கரம் தேஞ்சு, வண்டி நடுவழியில நின்னுபோகும்."

"தண்ணீரா? ஆற்றுக்குத்தான் பாலம் கட்டியாயிற்றே!" என்றார் மகாராஜா.

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. தூசி ஆகாது என்று திரையை இழுத்து விட்டுக்கொண்டுதான் பயணம் போவார். தூக்கித் தூக்கிப் போட்டால், "இந்த ஜாதிக் கார் அப்படித்தான் மகாராஜா" என்பார் தாண்டவராயர். சலசலவென்று சத்தம் கேட்டால், "பாலத்துக்குக் கீழே ஆறு ஓடுகிறது" என்பார்.

"பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடு" என்று தீர்ப்பாயிற்று. மொய்தீன்பிச்சைக்குக் கண்ணை இருட்டியது. வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். அவளை எந்த மேட்டில் ஏற்றி எந்தப் பள்ளத்தில் இறக்கி அழைத்துப் போவது?

அப்போது குழல்வாய்மொழி எழுந்தாள். மகாராஜாவுக்கு வருகிற கடிதங்களை வாசித்துக் காட்டுவது அவள் வேலை. அவள் எழுந்து நின்றாலே தாண்டவராயர் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்.

"தீர்ப்பு ரொம்பச் சரி மகாராஜா" என்றாள்.

மொய்தீன்பிச்சை சடாரென்று திரும்பி அவளைப் பார்த்தார். நேற்றுவரை அண்ணன் அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்!

"ஆனால் இன்னொரு குற்றவாளியும் உண்டு. அது காருக்குள்ளேயே இருக்கிறது. முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கிற சின்னக் கியர். சேறு, மேடு வந்தால்தான் அதைப் போட வேண்டும் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. வழவழவென்று கிடக்கிற நம் சாலையில் அதைத் தொடுவதும் துரோகம்தானே? அதை அரக்கு வைத்து ஒட்டி ராஜ முத்திரை குத்திவிடுவோம். உடைப்பவர் யாராயிருந்தாலும் நாடு கடத்தல். இன்றைக்கே மந்திரியாரை முன் சீட்டில் உட்கார வைத்து, அவர் கட்டிய பாலத்தைப் பார்த்துவிட்டு வருவோம். மொய்தீன் அண்ணன் ஓட்டட்டும். எப்படியும் எல்லைக்கு அந்த வழியாகத்தானே அவர் போக வேண்டும்?"

மகாராஜாவுக்கு முத்திரை குத்துவதென்றால் கொள்ளை ஆசை. "பலே!" என்றார்.

"இன்று நாள் சரியில்லை..." என்று இழுத்தார் தாண்டவராயர். யாரும் காதில் வாங்கவில்லை.

கியருக்கு முத்திரை குத்தி, மகாராஜாவும் குழல்வாய்மொழியும் பின் சீட்டில் ஏற, கார் புறப்பட்டது. மேடுகளில் முக்கி முனகி ஏறியது. ஆற்றில் இறங்கியது. நட்டநடுவில் நின்றது. பின் சக்கரம் இரண்டும் மணலில் சுற்றிச் சுற்றித் தமக்குத் தாமே குழி பறித்தன. மகாராஜாவின் சரிகைச் செருப்பு மிதந்து முன் சீட்டுக்கு வந்தது.

மகாராஜா திரையை விலக்கினார். "ஆறு பாலத்துக்குக் கீழே அல்லவா ஓட வேண்டும்? என் மடியில் ஏன் ஓடுகிறது?"

"நாம் பாலத்தின் மேல்தான் இருக்கிறோம் மகாராஜா" என்றாள் குழல்வாய்மொழி. "பாலம் கட்டியாயிற்று என்று மந்திரியார் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே."

மலைமேல் மழை போலும். தண்ணீர் கிடுகிடுவென்று ஏறியது. தாண்டவராயருக்கு நீச்சல் தெரியாது.

"மொய்தீன்! அந்தக் கியரைப் போடப்பா!"

"எப்படிங்கய்யா? ஏற்கெனவே ஒரு நாடு கடத்தல் பாக்கியிருக்கு. ரெண்டாவது தாங்காதுங்க."

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. மந்திரி அதற்கு மேல் யோசிக்கவில்லை. குனிந்தார். தம் வைர மோதிரத்தாலேயே அரக்கைத் தட்டி உடைத்தார். கியரை இழுத்தார். நாலு சக்கரமும் மணலைக் கவ்விப் பிடித்தன, கார் உறுமிக்கொண்டு கரையேறியது.

மகாராஜா இறங்கி அங்கவஸ்திரத்தைப் பிழிந்தார். "தாண்டவராயரே, வழவழப்பான சாலையில் அந்தக் கியர் எதற்கு?"

மந்திரி வாயைத் திறந்தார். ஆற்றுத் தண்ணீர்தான் வந்தது.

மகாராஜா மெக்கானிக் பக்கம் திரும்பினார். "உன் தண்டனை ரத்து. இனி நீ சொல்வதுதான் சட்டம். இந்தக் காருக்கு எப்போது எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும்?"

மொய்தீன்பிச்சைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆத்துல முங்கினதால இன்னைக்கே திறந்து பார்த்து மாத்தணும் மகாராஜா. அப்புறம் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை."

"இருபதாயிரத்துக்கு ஒரு தடவை என்று ஆக்க வழியே இல்லையா?"

"இருக்கிறது மகாராஜா" என்றாள் குழல்வாய்மொழி. "எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. சாலை மந்திரியை ஒரே ஒரு தடவை மாற்றினால் போதும்!"

மகாராஜா சிரித்த சிரிப்பில், பிழிந்த அங்கவஸ்திரம் மறுபடியும் ஆற்றில் விழுந்தது.