பாட்டில் இல்லாத புலி

ஒரு காட்டில், மலைச்சரிவின் நடுவே, உவர்மண் மேடு ஒன்று இருந்தது. அந்த மண்ணை நக்கினால் மான்களுக்கு உடம்பில் தெம்பு ஊறும், கன்றுகளுக்குக் கால் வலுக்கும். அதனால் மேலே மலையில் வாழ்ந்த கடமான்களும் அங்கே வந்தன, கீழே புல்வெளியில் வாழ்ந்த புள்ளிமான்களும் வந்தன.

கடமான்கள் கொஞ்சம்தான். புள்ளிமான்களோ புல்வெளி கொள்ளாத கூட்டம்.

பிள்ளைகளே, இரண்டும் ஒரே வம்சம். ஆதியில் கடமான்கள் மட்டும்தான் இருந்தன. உவர்மண் மேட்டையும் சுனைக்குப் போகும் வழியையும் கண்டுபிடித்த ஆதித்தாயைப் பற்றி அவை ஒரு பாட்டு வைத்திருந்தன. பிறகு ஒரு கடமான் தாய்க்கு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் உடம்பெல்லாம் புள்ளியுமாக ஒரு மகன் பிறந்தான். அவன் பெயர் வெண்ணெற்றி. அவன் பேச்சு பிடித்துப்போய்ச் சில மான்கள் அவன் பின்னால் புல்வெளிக்கு இறங்கின. மற்றவை மலையிலேயே இருந்துவிட்டன. இறங்கியவற்றின் வழியில் வந்தவைதான் புள்ளிமான்கள்.

ஒருநாள் வெண்ணெற்றியைப் புலி அடித்துவிட்டது. அந்தத் துக்கத்தைப் புள்ளிமான்கள் பாட்டாகக் கட்டின. ஆதித்தாயின் பாட்டை முதலில் பாடி, அதன் பின்னால் வெண்ணெற்றியின் பாட்டைப் பாடுவது அவற்றின் வழக்கம்.

கடமான்களில் மிளகி என்று ஒருத்தி இருந்தாள். மிளகிக்கு எதுவும் மறக்காது. மேட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வருவாள். புள்ளிமான் வாசனை காற்றில் வந்ததும் புறப்பட்டுவிடுவாள்.

ஒரு காலையில் அப்படிப் புறப்பட்டபோது, கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, ஓடாதீர்கள்! பேசத்தான் வந்தேன்!"

மூச்சிரைக்க ஏறி வந்தவன் பொறியன் என்ற புள்ளிமான். பொறியனுக்கு நல்ல மனசு. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"பேசலாம். அங்கேயே நின்று பேசு," என்றாள் மிளகி.

"நாம் ஒரே வம்சம் அக்கா. ஒரே பாட்டைப் பாடுகிறோம், ஒரே மண்ணை நக்குகிறோம். எத்தனை காலத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது? பழையதை எல்லாம் மறந்துவிடுவோம்."

"எதை மறக்க வேண்டும், தம்பி?"

பொறியன் விழித்தான். "அதுதான்... பழையதை."

"அது என்னவென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாவிட்டால் மறப்பது சுலபம்தானே?"

மிளகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

அன்று மாலை அவளுடைய தங்கை கூர்ஞ்செவி கேட்டாள். "புள்ளிமானோடு சிரித்துப் பேசினாயாமே?"

"நல்லவன் மாதிரித்தான் தெரிகிறான்."

"நல்லவனாகவே இருக்கட்டும். இன்றைக்குக் காற்று நம் பக்கம் அடிக்கிறது. நாளைக்கு மாறினால் என்ன செய்வாய்?"

மிளகி காற்றை ஒருமுறை மோந்து பார்த்தாள். ஆனாலும் மறுநாள் பொறியன் வந்தபோது அவள் புறப்படவில்லை.

இருவரும் பேசினார்கள். ஆதித்தாயின் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். 'சுனை' என்ற சொல்லை இழுத்துப் பாட வேண்டும் என்றாள் மிளகி. வெட்டிப் பாட வேண்டும் என்றான் பொறியன். அதற்காக ஒரு பகல் முழுவதும் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை இருவருக்கும் பிடித்திருந்தது.

அப்புறம் ஒருநாள் பொறியன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"அக்கா, ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. சுனைக்கரையில் வெள்ளைக் களிமண் இருக்கிறது. கொஞ்சம் எடுத்து முதுகில் தெளித்துக்கொண்டால் புள்ளி மாதிரியே இருக்கும். நீங்கள் எல்லோரும் அப்படி இறங்கி வந்துவிட்டால் நமக்குள் பேதமே இல்லை பாருங்கள்!"

மிளகி தலையை நிமிர்த்தினாள். "இத்தனை நாளும் இதற்காகத்தான் வந்தாயா?"

"ஐயோ, உங்கள் நன்மைக்காகத்தான்—"

"அக்கா என்று கூப்பிடுகிறாய். ஆனால் அக்காவை அக்காவாக இருக்க விடமாட்டேன் என்கிறாய்."

அவள் மலையேறிவிட்டாள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கொஞ்ச நாளாகவே அவன் வரும் பக்கம் அவள் காது தானாகத் திரும்பப் பழகியிருந்தது. கூர்ஞ்செவி ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் வலித்தது.

சில நாள் கழித்துப் பொறியன் மறுபடி வந்தான். இந்த முறை தூரத்திலேயே நின்றுகொண்டான்.

"நான் சொன்னது தப்பு, அக்கா. இனி அந்தப் பேச்சே இல்லை. போகச் சொன்னால் போய்விடுகிறேன்."

"போக வேண்டாம். பேசாமல் நிற்க உன்னால் முடியுமா?"

"கஷ்டம்தான். முயன்று பார்க்கிறேன்."

அந்த நேரம் புல்வெளியிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. வெண்ணெற்றியை நினைத்து வருடந்தோறும் கூடிப் பாடும் வெண்ணெற்றி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புள்ளிமான் குட்டிகள் கூடிப் பாடிப் பழகின. முதலில் ஆதித்தாயின் பாட்டு வந்தது. மிளகியின் வால்கூட அதற்கு அசைந்தது. பிறகு குட்டிகள் குரலை உயர்த்தின.

"கடமான் கண்டது, கத்தவில்லை!
கலைமான் போனது, திரும்பவில்லை!"

மிளகி மலைப் பக்கம் இரண்டடி பின்வாங்கினாள். பொறியன் அதைப் பார்த்துவிட்டான்.

"சும்மா பாட்டுதான் அக்கா. சின்ன வயதில் நானும் பாடியிருக்கிறேன்."

"கீழே நின்று பாடினால் பாட்டுதான். மேலே நின்று கேட்டிருக்கிறாயா?"

பொறியன் மேலே பாறைகள் பக்கம் பார்த்தான். மிளகி சொன்னாள்.

"வெண்ணெற்றி நாளில் பாட்டு முடிந்ததும் உங்கள் இளவட்டங்களுக்கு ரத்தம் கொதிக்கும். 'கத்தாதவர்களுக்கு உவர்மண் எதற்கு?' என்று கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஏறி வருவார்கள். நாங்கள் பாறைகளுக்கு ஓடுவோம். போன வருடம் அன்றைக்கு மழை. என் மகள் துளிருக்குக் கால் இன்னும் உறுதிப்படவில்லை. நான் ஒரு பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அவள் இல்லை. கீழே பள்ளத்தில்தான் கிடந்தாள்."

பொறியன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். ஆறுதல் சொல்லவில்லை, நியாயம் பேசவில்லை, அங்கிருந்து போகவும் இல்லை. வெயில் ஏறும்வரை அப்படியே நின்றான். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லி முடித்த களைப்பில் மிளகி அவன் எதிரிலேயே தரையில் படுத்துவிட்டாள்.

கீழே குட்டிகள் மறுபடியும் அதே அடியைப் பாடின. பொறியன் காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு தனக்குள் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை முணுமுணுத்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா," என்றான் மெதுவாக. "இதில் புலியே இல்லை."

"என்ன சொல்கிறாய்?"

"வெண்ணெற்றியைக் கொன்றது புலி. கடமான் வருகிறது, கலைமானாக வெண்ணெற்றி வருகிறான். பாட்டில் எங்குமே புலி வரவில்லை!"

மிளகி திகைத்துப்போனாள். இத்தனை வருடமாக அந்தப் பாட்டில் அவள் காதில் விழுந்தது தன் இனத்தின் பெயர் மட்டும்தான். புலியை அவளும் தேடியதில்லை.

"அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை, பொறியா," என்றாள். "அவன் குடித்தது எங்கள் பால். புலி வந்ததைக் கண்டிருந்தால் கத்தாமல் இருந்திருப்போமா?"

வெண்ணெற்றி நாள் வந்தது. கடமான்கள் வழக்கம்போலப் பாறைகளுக்குக் கிளம்பின.

"வா, போகலாம்," என்றாள் கூர்ஞ்செவி.

"நீ போ. நான் பார்த்துவிட்டு வருகிறேன்," என்று மிளகி சரிவில் ஒரு புதருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கீழே புள்ளிமான்களின் தலைவர் கிளைக்கொம்பர் பாட்டைத் தொடங்கப் போனார். பழையதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற விடாதவர் அவர். பொறியன் கூட்டத்தின் நடுவே வந்து நின்றான்.

"ஐயா, கடமான் அடியைப் பாட வேண்டாம்."

கூட்டம் கொதித்தது. "மலைக்காரன் ஆகிவிட்டாயா?" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் கொம்பால் இடித்தான்.

"முன்னோர் பாடிய பாட்டு. அதில் கைவைக்க நீ யார்?" என்றார் கிளைக்கொம்பர்.

"நான் யாரும் இல்லை ஐயா. குட்டிகளிடம் ஒன்று கேட்க மட்டும் விடுங்கள்." பொறியன் குட்டிகள் பக்கம் திரும்பினான். "வெண்ணெற்றியைக் கொன்றது யார்?"

"கடமான்!" என்று குட்டிகள் ஒரே குரலில் கத்தின.

தாய்மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

கிளைக்கொம்பர் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "புலிடா," என்றார். "புலிதான் கொன்றது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

"நாம் சொல்லவே இல்லை ஐயா," என்றான் பொறியன். "புலியைக் கண்டால் இவர்களுக்கு ஓடத் தெரியாது. கடமானைக் கண்டால் முட்ட மட்டும் தெரியும்."

சில இளவட்டங்கள் முறைத்துக்கொண்டு விலகிப் போயின. கிளைக்கொம்பர் குட்டிகளைக் கிட்டே கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு பாட்டைத் தொடங்கினார். அந்த அடி வரும் இடத்தில் சட்டென்று நிறுத்தினார். பழக்கத்தில் குட்டிகள் "கட—" என்று ஆரம்பித்தன. தாய்மான்கள் "உஷ்!" என்றன. பாட்டு தடுக்கி விழுந்து, எழுந்து, அடுத்த அடிக்குப் போனது.

அன்று யாரும் மேலே ஏறி வரவில்லை.

பாறைகளுக்குத் திரும்பிய மிளகி எல்லாவற்றையும் சொன்னாள். கூர்ஞ்செவி நம்பவில்லை. "ஒரு வருடம் வராதது பெரிதில்லை," என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் காலையில் மேட்டில் பொறியன் காத்திருந்தான். அவன் காது ஓரத்தில் கிழிந்திருந்தது.

"இடித்தது இங்கேயா பட்டது?" என்று கேட்டாள் மிளகி.

"கொஞ்சம்தான் அக்கா."

மிளகி கிட்டே வந்து அந்தக் காயத்தை நக்கிவிட்டாள். உவர்மண் ஒட்டிய நாக்கு பட்டதும் அவன் எரிச்சலில் துள்ளினான். "பேசாமல் நில்!" என்று அதட்டினாள். நின்றான்.

"இப்போதாவது என்னை நம்புகிறீர்களா, அக்கா?"

மிளகிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. இந்த நல்ல பிள்ளையை நோகடிக்கவும் மனம் வரவில்லை.

"இன்றைக்கு நம்புகிறேன், தம்பி," என்றாள். "நாளைக்கும் வா."

நீதி: நட்புக் கேட்டுப் போகிறவர் முதலில் மற்றவரின் வலியைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், பிறகு தம் கூட்டத்தின் பிழையைத் தம் கூட்டத்தின் நடுவிலேயே நின்று திருத்த வேண்டும்.