கோமளா எடுத்த சாவி

ஒரு புதிர் சொல்கிறேன். முடியும்வரை யார் மேலும் விரலை நீட்டாமல் கேளுங்கள்.

கடல் நடுவே ஒரு தீவு. தீவின் நடுவே இன்னும் அடங்காத ஒரு எரிமலை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தனியாக வண்டியும் டிரைவரும் பேசிக்கொண்டுதான் மேலே போவார்கள். நன்றாக வியாபாரம் செய்த கடைக்காரர்களுக்கு சிமெண்ட் கம்பெனி கொடுத்த பரிசுப் பயணத்தில், நாமக்கல் ரத்தினகுமார் அங்கே வந்திருந்தான். கூடவே மனைவி கோமளா, மடியில் கைக்குழந்தை யாழினி.

அவர்களுக்கு அமைந்த டிரைவர் பெயர் அருணாசெல்லம். எந்தக் காலத்திலோ அங்கே கரும்பு வெட்டப் போன நம் ஆட்களின் வம்சம். கோவிலில் கற்றுக்கொண்ட தமிழ், பாதிதான் நாக்கில் நிற்கும்.

கோமளாவுக்கு அவனைப் பார்த்ததிலிருந்தே மனசு ஒப்பவில்லை. கண்ணாடியில் ரோட்டைப் பார்ப்பதைவிடப் பிள்ளையைத்தான் அதிகம் பார்த்தான். அருவிக்கரையில், "பாப்பா நான் தூக்கும்?" என்று கையை நீட்டினான். கறுப்பு மணல் கடற்கரையில் ஒரு பழக்காரியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிப் பிள்ளையைக் காட்டினான். அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க, இந்த ஆளு பார்வையே சரியில்லை" என்று புருஷன் காதில் சொன்னாள் கோமளா.

"உனக்கு நம்மூரு மினிபஸ் கண்டக்டர்கூடத் திருடன்தான். பேசாம வா."

"அந்தப் பழக்காரிகிட்ட என்ன சொன்னான்னு கேளுங்களேன்."

"நீயே கேளு. வாய் இருக்குல்ல?"

இருந்தது. ஆனால் அந்நிய ஆணிடம் பேச அவளுக்கு வாய் எழாது.

மலை ஏறும் வழியில் பிள்ளை பசித்து அழுதது. அவள் பால் கொடுக்கட்டும் என்று ஆண்கள் இருவரும் இறங்கித் தள்ளி நின்றார்கள். அப்போது அருணாசெல்லம் ரத்தினகுமாரிடம் ஒரு விஷயம் சொன்னான்.

"மேலே வண்டி நிறுத்தினா, சாவி யாரும் எடுக்காது அண்ணா. எங்க எல்லா டிரைவருக்கும் கட்டுப்பாடு. காத்து திரும்பினா விஷப் புகை வரும். அப்போ யார் கைக்கு எந்த வண்டியோ, அதுல ஏறி இறங்கணும்."

இதைப் போய் அவளிடம் சொன்னால் மலையே வேண்டாம் என்று திரும்பிவிடுவாள் என நினைத்து, ரத்தினகுமார் தன்னோடு வைத்துக்கொண்டான்.

மேலே போனதும், விளிம்புக்கு ஏறும் வழியில் காவலாள் மறித்தான். கைக்குழந்தையை எரிமலை விளிம்புக்கு விட மாட்டார்களாம். பிள்ளை பின்சீட்டில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"தூங்குதுல்ல? ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடி வந்துடலாம். கம்பெனி குரூப்ல எல்லாரும் ஜோடியா போட்டிருக்காங்க. நான் மட்டும் ஒத்தையா நிக்கவா?" என்றான் ரத்தினகுமார்.

பிள்ளைக்குக் காற்று வரட்டும் என்று கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, அருணாசெல்லம் வண்டியை அணைத்தான். "போங்க அக்கா. நான் பாக்கும். இங்கேயே நிக்கும்."

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. பர்ஸை எடுப்பதுபோல முன்சீட்டுக்குள் குனிந்து, சாவியை உருவி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். சாவி இல்லாமல் எங்கே ஓடுவான்?

அருணாசெல்லம் அதைப் பார்த்துவிட்டான். முகம் சுண்டிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மூடிக்கொண்டான். பிள்ளை திருடுகிறவன் என்றல்லவா நினைத்துவிட்டாள்? சாவியைக் கேட்டு வாங்கினால் அது நிஜம் என்று ஆகாதா? போகட்டும், ஒரு போட்டோதானே என்று ரோஷத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவர்கள் விளிம்புக்குப் போய் நின்றபோது காற்று திரும்பியது. மஞ்சள் கலந்த புகை, வண்டி நின்ற பள்ளத்தைப் பார்த்து இறங்கியது. வேறு வண்டி எதுவும் அங்கே இல்லை. சாவி இல்லாமல் கண்ணாடி மேலே ஏறாது. அருணாசெல்லம் சட்டையைக் கழற்றி, தண்ணீரில் நனைத்து, பிள்ளையின் மூக்கை மூடித் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஓடினான்.

இருமிக்கொண்டே திரும்பி வந்த கோமளா கண்டது திறந்த கதவையும் வெறும் சீட்டையும்தான்.

"தூக்கிட்டுப் போயிட்டான்! தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

"வண்டியில ஏறு, பிடிச்சிடலாம். சாவி எங்கே?"

அவள் கையை விரித்தாள்.

"அடிப்பாவி, இதை எதுக்குடி எடுத்தே?"

"எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

அவன் சாவியைப் பிடுங்கி வண்டியைக் கீழே விரட்டினான்.

நாலைந்து வளைவு தாண்டி, முழங்கால் கிழிந்து, எழ முடியாமல் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அருணாசெல்லம். மடியில் பிள்ளை. அதன் அழுகையில் விசில் மாதிரி ஒரு சத்தம் சேர்ந்து வந்தது.

கீழே ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மூச்சுக் குழாய் வைத்தார்கள். மறுநாள்தான் அது பாலுக்கு வாய் திறந்தது. அதன்பிறகுதான் மூன்று பேருக்கும் பேச்சே வந்தது.

"எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் கோமளா.

"இவ எடுத்தது எனக்குத் தெரியாது" என்றான் ரத்தினகுமார்.

"பாப்பா தூக்கி ஓடினது நான்" என்றான் அருணாசெல்லம்.

மூவர் சொன்னதும் பொய்யில்லை. அப்படியானால், அந்தப் பிள்ளையின் உயிரைப் புகையில் நிறுத்தியது இவர்களில் யார்?

விடை: அருணாசெல்லம்தான். கோமளாவுக்குக் கட்டுப்பாடு தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டது ரத்தினகுமாரின் குற்றம்தான். ஆனால் சாவி போனது அவனுக்குத் தெரியாது. ஆளுக்குப் பாதி தெரிந்த இருவருக்கு நடுவே, முழுதும் தெரிந்து நின்றவன் இவன் ஒருவனே. "சாவியை வெச்சிட்டுப் போங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடவே வேண்டியிருக்காது. பிள்ளையைக் காப்பாற்றியதற்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம். பெற்றவள் தப்பாகச் சந்தேகப்பட்டால் அவனுக்கு ரோஷம் வருவதும் நியாயமே. ஆனால் அந்த ரோஷத்துக்கு அவள் பிள்ளையின் மூச்சைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை இல்லை.