ஆறுக்கு ஆறு

ஜெர்மனி தேசத்து ஊசியிலைக் காட்டில் லோதர் என்றொரு காட்டுப்பன்றி இருந்தார். முதலில் ஓடைக்கரைக்குக் காவல். பிறகு காட்டுச் சபையில் உறுப்பினர். அதன் பிறகு பத்துக் குளிர்காலமாக அமைச்சர். எதையும் மாற்ற விடமாட்டார். வழியில் விழுந்த பட்டமரத்தை நகர்த்தக் கேட்டாலும், "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்பார். இந்தப் பிடிவாதத்துக்காகவே பாதிக் காடு அவரை விரும்பியது. மீதிக் காடு கரித்துக் கொட்டியது.

கரித்துக் கொட்டுவதில் முதல் ஆள், எதிர்க்கட்சி முயல் இல்சா.

லோதர் பதவியில் நீடிக்கலாமா என்று சபையில் ஓட்டெடுப்பு வந்தது. இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். சமமாக வந்தால் அமைச்சர் இறங்கிவிட வேண்டும்.

முந்தின நாள் இல்சா பாறையில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்சியில் ஒருவர் படுத்துவிட்டால், மறு கட்சியிலும் ஒருவர் ஓட்டுப் போடாமல் விலகி நிற்பார். லோதரின் கட்சியில் யாரும் முன்வரவில்லை. அவரே இல்சாவிடம் போய், "நான் விலகி நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை, அவர் அவள் காலில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்சி நரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"ஐயா, நீங்கள் வந்தால் ஏழுக்கு ஆறு. ஜெயித்துவிடலாம்!"

"சொல் கொடுத்துவிட்டேனே."

"உங்களைப் பத்து வருஷமாகத் திட்டுகிறவளுக்கா?"

"திட்டுகிறவளுக்குக் கொடுத்தால் அது சொல் இல்லையா?"

இல்சாவுக்கே பொறுக்கவில்லை. "போங்கள் அமைச்சரே. நான் குறையாக நினைக்க மாட்டேன்."

அந்தப் பதவி என்றால் லோதருக்கு உயிர். எழுந்து இரண்டு அடி நடந்தும் விட்டார். பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கட்டுப் போட்டார். நரி முணுமுணுத்துக்கொண்டே போயிற்று.

நண்பகலில் செய்தி வந்தது. ஆறுக்கு ஆறு. பதவி போய்விட்டது.

"அழுகிறீர்களா?" என்றாள் இல்சா.

"ஆமாம்."

"பத்து வருஷம் இதற்குத்தான் பாடுபட்டேன். கிடைத்தும் சந்தோஷமாக இல்லை." இல்சா நொண்டி நகர்ந்து வந்து அவர் மேல் சாய்ந்துகொண்டாள்.

"நாளைக்கே உங்கள் ஆட்கள் மேற்கு ஓடையைத் திருப்பப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன்" என்றார் லோதர், மூக்கை உறிஞ்சியபடி.

"அதில் நான் உங்களுக்கு எதிர்தான். ஆனால் சபையில் நீங்கள் பேசி முடிக்கும்வரை ஒருவரையும் ஓட்டுப் போட விடமாட்டேன்."

எதிராளிக்குக் கொடுத்த சொல்லையும் காப்பாற்றுகிறவர், பதவியை இழந்தாலும் மதிப்பை இழப்பதில்லை.