எந்தத் தோளில்?

வெகு காலத்துக்கு முன்னே, ஆறு சுற்றி ஓடிய ஒரு நாடு. எந்த ஆறு என்று குறுக்கே கேட்காதீர்கள்.

அந்நாட்டு ராஜாவின் தலைச்சன் பிள்ளை, தவழுகிற குழந்தை, ஒரு காலையில் காணாமல் போனது. எது தொலைந்தாலும் அங்கே மை போட்டுத்தான் பார்ப்பார்கள். மந்திரவாதி மையாண்டி வந்தான். கழுத்திலிருந்து குதிகால்வரை கறுப்புக் கம்பளி. வெற்றிலையில் மை தடவி வீடு வீடாக நீட்டினான்.

"உற்றுப் பார். படகுக்காரன் காத்தான் பிள்ளையைத் தூக்கிப் போகிறானே, எந்தத் தோளில்?"

முதல் வெற்றிலையில் வெறும் மை. இரண்டாவதில் ஏதோ அசைந்தது. மூன்றாவதில், "ஐயோ, இடது தோளில்!" என்று கதறினார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம்.

காத்தானின் தங்கை பூவாயியும் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது. அண்ணன், இடது தோள், பிள்ளையின் கொலுசுச் சத்தம்கூட.

காத்தானை யானைக் காலில் இடச் சொல்லித் தீர்ப்பானது. பூவாயி சிறைக்கு ஓடினாள்.

"ஏண்ணே இப்படிச் செஞ்சே?"

"பைத்தியமாடி உனக்கு? அன்னைக்கு நான் காய்ச்சல்ல கிடந்தேன். நீதானே கஞ்சி ஊத்தினே? சூடு பட்டுக் கையை உதறினியே!"

விரலைப் பார்த்தாள். கொப்புளம் இருந்தது. கஞ்சியும் நினைவிருந்தது, கொலுசும் நினைவிருந்தது. இரண்டும் ஒரே காலை. பிள்ளையைத் தூக்கினானா என்று மையாண்டி கேட்கவே இல்லையே! எந்தத் தோளில் என்றுதானே கேட்டான்!

நேரே சபைக்குப் போனாள்.

"மகாராஜா, எனக்கும் மை வேண்டும். நான் கேட்பதற்குச் சபை பார்த்துச் சொல்லட்டும்."

மையாண்டி சிரித்தான். "கொடுங்க, கொடுங்க. கண்ணுக்குத் தீட்டிக்காதே குட்டி!"

பூவாயி வெற்றிலையை நீட்டினாள். "கம்பளிக்குள்ளே மையாண்டிக்கு வால் இருக்கிறதே, நுனி மயிர் கறுப்பா, வெள்ளையா?"

முதல் தடவை சபை சிரித்தது. இரண்டாம் தடவை மந்திரி கண்ணைச் சுருக்கினார். மூன்றாம் தடவை ராஜாவே எழுந்துவிட்டார். "வெள்ளை! படியேறும்போது பார்த்தேனே!"

"நானும்! நானும்!"

மையாண்டியின் கை மெல்லப் பின்பக்கம் போனது. அவனும் அந்த வெற்றிலையைப் பார்த்துவிட்டான்.

"கம்பளியை உருவுங்கள்" என்றாள்.

உருவினார்கள். வால் இல்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சினார்கள். ராணி மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அப்படியானால் என் பிள்ளை எங்கே?"

"மை கூட்டத் தலைச்சன் பிள்ளையின் சாம்பல் வேண்டும் என்பார்கள், தாயே. இவன் வீட்டை யாராவது தேடினீர்களா?"

தேடினார்கள். நெற்குதிருக்குள் பிள்ளை விரல் சூப்பிக்கொண்டு கிடந்தது. அதைத் தூக்கியதும் ஊரிலிருந்த மை வெற்றிலையெல்லாம் சுருண்டு கருகியது. எல்லோர் கண்ணிலும் இருந்த அந்த இடது தோளும் கலைந்தது.

காத்தான் வெளியே வந்தான். ராஜா பூவாயிக்கு ஆற்றங்கரை நிலம் முழுதும் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். வேண்டாமென்று சொல்ல அவளென்ன முட்டாளா?

மையாண்டியைக் காட்டுக்கு விரட்டினார்கள். அங்கே அவன் பாறையில் இன்றும் ஒருக்களித்தேதான் உட்காருகிறானாம், வால் நசுங்கிவிடும் என்று.

அவ்வளவுதான். எழுந்து போங்கள்.