தாரை வார்த்த தாகம்

ஒரு காலத்திலே குறுக்குமலைச் சீமையைச் செண்பகமாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான்; கோபம் மட்டும் கூப்பிடாமலே வரும். அந்தச் சீமையில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. ராஜாவின் பாட்டனார் காய்ச்சலில் படுத்த சேதி கேட்டுப் பகை அரசன் படையெடுத்து வந்துவிட்டானாம். அன்றிலிருந்து, ராஜாவுக்கு நோய் என்று எவன் வாய் திறந்தாலும் அவன் நாட்டைவிட்டே போக வேண்டும். வைத்தியருக்கும் அதே கதிதான். அப்புறம் எந்த வைத்தியர் உண்மை சொல்வார்? "மகாராஜாவின் நாடி சிங்கநடை போடுகிறது" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டோடு வீடு போய்ச் சேருவார்.

அந்த வருஷம் ராஜாவுக்குத் தாகம் பிடித்துக்கொண்டது. சொம்பு சொம்பாகக் குடித்தும் நாக்கு வறண்டே கிடந்தது. குடித்தது உள்ளே தங்கவும் இல்லை. வழக்கு நடுவிலே எழுந்து எழுந்து கொல்லைப்புறம் போனார். வாதி பேசும்போது போவார்; திரும்பி வந்தால் பிரதிவாதி பேசிக்கொண்டிருப்பான். தீர்ப்பெல்லாம் தாறுமாறாக வந்தது. மூன்று பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டும் தோள்வளை கழன்று விழுந்தது. காலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை. எதிரில் நிற்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. போதாததற்கு, அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு சாரிசாரியாக மொய்த்தது.

ஆஸ்தானப் புலவர் சந்தனநாதருக்கு இது நல்ல அறுவடைக் காலம். மந்திரி பூவண்ணரைவிட ஒருபடி மேலே உட்கார வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

"கடல் குடித்த அகத்தியருக்குப் பிறகு இந்தத் தாகம் மகாராஜாவுக்குத்தான் வாய்த்திருக்கிறது" என்றார். "மேனி இளைத்தது தவத்தின் அடையாளம். முகங்கள் மங்கலாகத் தெரிவது சமநோக்கு. ஏழை, பணக்காரன் வித்தியாசமே தெரியவில்லை பாருங்கள். எறும்புகள்கூட வரிசையில் வந்து கப்பம் கட்டுகின்றன."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு? ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார். ஆனால் மீசையை முறுக்கினால் தாகம் அடங்குமா? ஒருநாள் சபையிலே பொறுமை போய்விட்டது.

"இந்தத் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது. கொண்டுவந்தவளைக் கூப்பிடு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மலையூற்றிலிருந்து அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் வெயிலாள் சொம்பும் கையுமாக வந்து நின்றாள்.

"செய்வினையாக இருக்கலாம்" என்று புலவர் எடுத்துக் கொடுத்தார். "இவளை வேலைக்குச் சேர்த்தது மந்திரிதான்."

"பொழுது சாய்வதற்குள் இவள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்ட வேண்டும்" என்றார் ராஜா.

வெயிலாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதே ஊத்துத் தண்ணியத்தான் சாமி நானும் எம் புள்ளைகளும் குடிக்கோம். எங்களுக்கு அடங்குற தாகம் உங்களுக்கு ஏன் அடங்கல?"

பதில் சபையில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. சட்டம் அப்படி.

பூவண்ணர் எழுந்தார். "மகாராஜா, அவள் போவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்துவிடுவோம். புலவருக்குப் பொன் கொடுத்தீர்கள், பட்டுக் கொடுத்தீர்கள். அவர் வாயாரப் பாடிய சிறப்புகளை இன்னும் கொடுக்கவில்லையே? தாகம், தவமேனி, சமநோக்கு, எறும்புக் கப்பம் எல்லாவற்றையும் அவருக்கே தாரை வார்த்துக் கொடுங்கள். வெயிலாளின் சொம்புத் தண்ணீரே போதும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "கையை நீட்டும் புலவரே."

அந்தச் சீமையில் தண்ணீர் விட்டுத் தாரை வார்த்த பொருள் வாங்கியவரோடு போய்விடும். நிலமானாலும் பசுவானாலும் தோஷமானாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. புலவரின் கைகள் இரண்டும் அங்கவஸ்திரத்துக்குள் ஒளிந்துகொண்டன.

"அடியேனுக்கு அந்தத் தகுதி இல்லை, மகாராஜா."

"தகுதியையும் சேர்த்தே தருகிறேன்."

"தாகத்தை மட்டும் விட்டுவிட்டு..."

"தாகம்தானே ஐயா தலைச்சிறப்பு?" என்றார் மந்திரி. "அகத்தியரே கோபித்துக்கொள்ளப் போகிறார்."

ராஜாவின் புருவம் ஏறியது. "என்னிடம் இருந்தால் இனிக்கிறது, உம்மிடம் வந்தால் கசக்கிறதா?" என்று புலவரின் கையை இழுத்துப் பிடித்துச் சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது.

"வேண்டாம் மகாராஜா, அது நீரிழிவு!" புலவரின் செந்தமிழ் போன இடம் தெரியவில்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடங்காத தாகம், ஆறாத புண்ணு, மூத்திரத்துல எறும்பு. கவனிக்காம விட்டோம். கால் அழுகிச் செத்தாரு. எனக்கு வேண்டாம் சாமி."

ராஜா சொம்பைக் கீழே வைத்தார்.

"தெரிந்துமா பாடினீர்?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றார் புலவர். ராஜா குனிந்து தம் காலிலிருந்த புண்ணைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பூவண்ணரே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். அப்படி ஒரு வார்த்தை அந்தச் சிம்மாசனத்திலிருந்து வந்ததே இல்லை.

"பயப்படலாம் மகாராஜா, ஒளிக்கத்தான் கூடாது. காலும் கண்ணும் இன்னும் நம்மிடம்தான் இருக்கின்றன" என்றார் மந்திரி.

அதற்குள் வைத்தியரே முன்னால் ஓடிவந்துவிட்டார். "வேரோடு போகிற நோய் இல்லை, மகாராஜா. ஆனால் கட்டிப்போடலாம். அளவான சாப்பாடு, தினமும் நடை, தவறாத மருந்து. புண்ணை இன்றே பார்க்க வேண்டும்." இத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருந்ததைச் சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சே லேசாகிவிட்டது.

ராஜா அங்கேயே சட்டத்தைக் கிழித்துப் போட்டார். வெயிலாளிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டு, ஊற்றடி நிலத்தை அவளுக்குத் தாரை வார்த்தார். பூவண்ணருக்கு முத்துமாலை போட்டார்.

"உமக்கு நல்ல குரல்" என்று புலவரிடம் திரும்பினார். "இனிமேல் தண்டோராக்காரனோடு ஊர் ஊராகப் போம். எனக்கு என்ன நோய், அது எப்படியெல்லாம் தலைகாட்டும் என்று சொல்லும். அலங்காரம் வேண்டாம்."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார் சந்தனநாதர். முதல் ஊரிலே சொல்லி முடித்ததும் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ராசாவுக்கேவா வந்திருக்கு?"

"ராஜாவுக்கேதான், தாயே."

அவள் வைக்கோற்போருக்குப் பின்னால் நழுவப் பார்த்த புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டீகளா? ராசாவே வெக்கப்படாமச் சொல்லிட்டாரு. விடியிறதுக்குள்ள ஒரு குடம் தண்ணியக் குடிச்சுக்கிட்டு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னா என்ன அர்த்தம்? வாங்க வைத்தியரு வீட்டுக்கு." போகிற போக்கில் புலவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் ஐயா."

அரண்மனையில் அத்தனை வருஷம் பாடியும் அவரை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஊருக்கு நடக்கச் சொல்லித் தண்டோராக்காரனை அவரே அவசரப்படுத்தினார்.