பெட்டிக்குள் என்ன இருக்கிறது

“நாப்பத்தோரு வருசமா சேத்தேன், அம்மா. இப்ப அந்த ரூமுக்குள்ள போகவே காலு வரமாட்டேங்கு,” என்றார் அம்பலவாணன்.

எதைச் சேர்த்தீர்கள் என்று குழலி அம்மை கேட்டார்.

படம் என்றார் அவர். சினிமாப் படம். பதினாறு எம்.எம். ஃபிலிம் சுருள்கள், தகரப் பெட்டிகளில். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

அம்பலவாணனுக்கு அறுபத்து மூன்று வயது. தென்காசித் தொலைபேசி நிலையத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் ஏறப் போன ஊரிலெல்லாம் படம் தேடியவர். மூடிப்போன டூரிங் கொட்டகை, சுகாதாரத் துறை கழித்துப்போட்ட சாமான், மிஷன் பள்ளிக்கூடத்துப் பரண், பழைய இரும்புக் கடை என்று ஒன்றையும் விட்டதில்லை. மனைவி கோமதி பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றுகூட, சங்கரன்கோவில் போய் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டுதான் பிள்ளை முகம் பார்க்க வந்தார். கோமதி அதை இன்றுவரை மறக்கவில்லை.

குழலி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். கணக்கு டீச்சராக இருந்து வேலையை விட்டவர். குற்றால மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் மனக்குறை சொல்ல வந்து உட்காருவார்கள். சிலரிடம் பேசுவார். சிலருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

எப்போதிருந்து இப்படி என்று கேட்டார்.

இரண்டு வருஷம் இருக்கும் என்றார் அம்பலவாணன். காரணம் என்று ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை. கண்ணும் மங்கவில்லை. கடையநல்லூரில் ஒரு கொட்டகையை இடிக்கிறார்கள், உள்ளே பெட்டிகள் கிடக்கின்றன என்று ஒருநாள் போன் வந்தது. சட்டையை எடுத்து மாட்டினார். பிறகு கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கோமதி பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்தார். கோமதி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். அப்போதுதான் ஆசை போய்விட்டது அவருக்கே தெரிந்தது.

ஃபிலிமை வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரித்துச் சுற்றிக் காற்றாட விட வேண்டும். இல்லாவிட்டால் புளித்துப்போகும். இரண்டு வருஷமாக அவர் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

கொச்சியில் புதிதாக ஓர் ஓட்டல் திறக்கிறார்களாம். அத்தனையையும் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சுருளைப் பிரித்துச் சாப்பிடும் கூடத்தில் திரைச்சீலை மாதிரித் தொங்கவிடுவார்களாம். ஆடி பிறந்ததும் லாரி வரும்.

“குடுக்கதுன்னு முடிவு பண்ணியாச்சா, அண்ணாச்சி?” என்று கேட்டார் அம்மை.

“பண்ணின மாதிரிதான்.”

“அப்ப எனக்கும் குடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு.”

அம்மை ஏதாவது புத்தி சொல்வார் என்று நினைத்து வந்திருந்தார் அம்பலவாணன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு, கைக்கு முதலில் அகப்பட்ட பெட்டியைக் கொண்டுவந்து அம்மை முன்னால் வைத்தார்.

அம்மை அதைத் தொடவில்லை.

“உள்ள என்ன இருக்கு?”

“மாட்டுக்கு ஊசி போடுத படம்.”

“அது வெளிய எழுதியிருக்கு. உள்ள?”

அம்பலவாணன் யோசித்தார். வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. துடைத்திருக்கிறார். நம்பர் ஒட்டியிருக்கிறார். பட்டியலில் ஏற்றியிருக்கிறார். ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை.

“தெரியாதும்மா.”

“என்னன்னே தெரியாதத நான் எப்படி வாங்க?”

மோர் வந்தது. குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

வழியெல்லாம் எரிச்சல். அரசாங்கம் எடுத்த படம், அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று முணுமுணுத்தபடியே வந்தார். வீட்டில் புரொஜெக்டர் மேல் விரல் தடிமனுக்குத் தூசி. பெல்ட் தொய்ந்திருந்தது. அதை மாற்றவே ஒரு பகல் போயிற்று. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரில் படத்தை விட்டார். பதினோரு நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னார். ஊசியைக் கண்ட ஒரு காளை மிரண்டு ஓடும். டாக்டர் தொப்பி சாணியில் விழும். அவர் அதை எடுத்துத் தட்டிவிட்டுத் திரும்பத் தலையில் வைத்துக்கொள்வார். படம் எடுத்தவன் அதை வெட்டாமல் விட்டிருக்கிறான்.

அம்மை பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தார்.

அப்படியே போயிற்று. கொசு ஒழிப்புப் படம் ஒன்று. தேரோட்டம் ஒன்று. நடுவில் ஒரு ரீல் இல்லாத நாடகப் படம் ஒன்று. அம்மையிடம் சொல்ல வேண்டுமே என்பதற்காக ஒவ்வொன்றையும் பார்த்தார். ஒருமுறை பார்த்தது பஸ்ஸில் வரும்போதே மறந்தது. அதனால் இரண்டு முறை பார்க்க ஆரம்பித்தார்.

ஐந்தாவது ஞாயிறு, சொல்லி முடித்துவிட்டு உள்ளதை ஒப்புக்கொண்டார்.

“பாக்கேன், வந்து சொல்லுதேன். ஆனா ஆசை ஒண்ணும் வரல.”

“நான் ஆசையக் கேக்கலயே, அண்ணாச்சி. உள்ள என்ன இருக்குன்னுதான் கேட்டேன்.”

அன்றைக்கு அவர் மோர் குடிக்கவில்லை. இனி வரவேண்டாம், லாரி வரும்வரை சும்மா வீட்டில் கிடக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனார். ஆனாலும் அடுத்த ஞாயிறு வந்தார். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றுதான் வந்தார்.

ஏழாவது வாரத்துக்கு அவர் எடுத்த பெட்டி, அம்பாசமுத்திரத்தில் ஒரு எஸ்டேட் மேனேஜர் கொடுத்தது. அந்த மனிதர் தானே கேமரா வைத்து எடுத்த படம். உலகத்தில் வேறு பிரதி கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால், வாங்கின அன்று ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார்.

மூடி வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார்.

புளித்த காடி வாடை முகத்தில் அடித்தது. சுருள், கருப்பட்டி வட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. நுனியைப் பிரிக்கப் பார்த்தார். உதிர்ந்து கையோடு வந்தது.

கோமதி வாசலில் நின்று என்ன என்று கேட்டாள். அவர் உதிர்ந்த துண்டைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் கொண்டுபோனார்.

“உள்ள என்ன இருக்கு?” என்று அம்மை எப்போதும்போலக் கேட்டார்.

அம்பலவாணன் மூடியைத் திறந்து காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“ஒரு பொம்பள,” என்றார். “முத்தத்துல உக்காந்து நெல்லு புடைச்சிக்கிட்டிருப்பா. பின்னால ரயில் போகும். நிமிந்து பாக்கமாட்டா.”

“பெறவு?”

“பெறவு… இருவது நிமிசம் ஓடும், அம்மா, அது. எனக்கு அவ்வளவுதான் நெனப்பிருக்கு.”

அம்மை இரண்டு கைகளையும் நீட்டிப் பெட்டியை வாங்கினார். எழுந்து அலமாரியைத் திறந்தார்.

“அதுகளோட வைக்காதீங்க,” என்றார் அம்பலவாணன். அவர் குரல் அவருக்கே உரக்கக் கேட்டது. “அந்த வாடை பட்டாப் போதும். மத்ததும் போயிரும்.”

அம்மை கையில் பெட்டியோடு திரும்பினார்.

“உங்க வீட்டுல இது எதோட இருந்துச்சு?”

அம்பலவாணன் எழுந்துவிட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பதினோரு நாள் அந்த அறையை விட்டு அவர் அதிகம் வெளியே வரவில்லை. ஜன்னல்களை எல்லாம் திறந்தார். மேஜை விசிறி இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மோந்து, சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினார். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. நான்காம் நாள் கோமதி வந்து எதிரில் உட்கார்ந்து, சுருள் சுற்றும் கருவியின் கைப்பிடியைத் தான் சுற்ற ஆரம்பித்தாள். நடுநடுவே அவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, இதைப் பார், இந்த ஆளைப் பார் என்று காட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பார்த்தாள்.

இன்னும் ஒன்பது கெட்டுப்போயிருந்தது. அவற்றைச் சாக்கில் கட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித்தான் சாக்கில் போட்டார்.

கொச்சிக்காரர் போன் செய்து, லாரியை எந்தப் பக்கமாக அனுப்ப என்று விசாரித்தார். லாரி வேண்டாம் என்றார் அம்பலவாணன். ஏன் என்று கேட்டதற்கு, கொஞ்சம் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு ஞாயிறு அவர் குற்றாலம் போகவில்லை.

மூன்றாவது ஞாயிறு போனார். கையில் சின்னப் பெட்டி. பெயர் எழுதாதது. என்றோ மொத்தமாக வாங்கிய பெட்டிக் கட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சுற்றும்போதுதான் கண்ணில் பட்டது.

அம்மை கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார்.

யார் வீட்டுக் குடும்பமோ தெரியாது. ஊரும் தெரியாது. கடற்கரை. வேட்டியை மடித்துக் கட்டின ஒரு பெரியவர் அலைக்குப் பயந்து பின்வாங்குவார். வெள்ளையும் சொள்ளையுமாக இரண்டு ஆண்கள் அவரை இழுப்பார்கள். ஒரு அம்மாள் எல்லோருடைய செருப்பையும் சேலை முந்தியில் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒருவரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். திடீரென்று அவள் அப்படியே, செருப்பு மூட்டையோடு, முழங்கால் தண்ணீரில் இறங்கிவிடுவாள்.

கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்தாள். ஒரு வயதானவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அம்பலவாணன் எழுந்து நின்றே சொன்னார். அலை வந்த விதத்தைக் கையால் காட்டினார். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை, ஐந்து வயது இருக்கும், ஓடி வருவாள். கேமராவுக்குக் கிட்டக் கிட்ட வருவாள். நெற்றியில் மணல் ஒட்டியிருக்கும். படம் எடுக்கிறவரைப் பார்த்து ஏதோ சொல்லுவாள். அதோடு சுருள் முடிந்துவிடும்.

“அவ்வளவுதான்,” என்று பெட்டியை அம்மையின் மடியில் வைத்தார்.

அம்மை அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“என்ன சொன்னா?”

“யாரு?”

“அந்தப் பிள்ள.”

“சத்தம் கெடையாதும்மா இதுல. ஊமப் படம்.”

“சத்தம் இல்ல. வாய் இருக்குல்லா?”

அம்பலவாணன் நாலு தடவை பார்த்திருந்தார். அவள் கண்ணைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். காலுக்குப் பின்னால் ஓடும் நண்டைக்கூடப் பார்த்தார். உதட்டைப் பார்க்கவில்லை. முதலில் உதடு சேர்ந்ததா, குவிந்ததா? சேர்ந்திருந்தால் ‘மாமா’ என்றிருக்கலாம். குவிந்திருந்தால் ‘ஓடு’ என்றிருக்கலாம். ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

குனிந்து, அம்மையின் கைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தார்.

“குடுத்தத எடுக்கீங்களே, அண்ணாச்சி.”

“எப்படிக் குடுக்க?” என்றார் அம்பலவாணன், படியிறங்கிக்கொண்டே. “இத நானே இன்னும் பாக்கல, அம்மா.”