தோற்பதற்கு ஒரு சுவடி

முன்னொரு காலத்தில், கடற்காற்றை நம்பிப் பிழைத்த வெண்ணாவல் நாட்டை இளவழுதி என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனம் உள்ளவர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அவருடைய அமைச்சர் நல்லாதனார். ஐம்பத்தைந்து வயது. எதைச் செய்தாலும், சரியாகத்தான் செய்தோமா என்று தன்னையே கேட்டுக் குடைந்துகொள்பவர். அவர் ஆசைப்பட்டுத் தொடங்கிய காரியம் ஒன்றே ஒன்று: ஆண்டுதோறும் அரண்மனைச் செலவில் ஏழு பேரை அக்கரை நாடுகளுக்குப் படிக்க அனுப்புவது, அங்கிருந்து ஏழு பேரை வரவழைத்துக் கோட்டைக்குள் ஒரு விடுதியில் தங்கவைத்துப் படிப்பிப்பது.

அந்த ஆண்டுக்குரிய ஏழு பேரும் மூட்டை முடிச்சோடு துறைமுகத்தில் காத்திருந்தார்கள். ஒருவர் கண்புரை அறுக்கும் வித்தைக்குப் போகிறவர். ஒருத்தி அலை தாங்கும் அணை கட்டக் கற்கப் போகிறவள். இன்னும் நான்கு நாளில் காற்று திசை மாறிவிடும். தவறினால் அடுத்த ஆண்டுதான்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்தானப் புலவர் செம்பியதரையர் வாயைத் திறந்தார். விடுதி நிற்கும் மனை ஒரு காலத்தில் அரசர் அவருக்குத் தருவதாகச் சொன்ன மனை. அந்த வயிற்றெரிச்சல் ஆறு வருஷமாகியும் அடங்கவில்லை.

“அரசே, நம்மிடம் இல்லாத எதைத் தேடி இவர்கள் கடல் தாண்டுகிறார்கள்? ஆடுபுலி ஆட்டத்தையே பாருங்கள். இருபது ஆண்டுகளில் தாங்கள் ஒருமுறை தோற்றதுண்டா? நமக்குச் சொல்லித்தர வெளியில் யார் இருக்கிறார்கள்?”

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விடுதியை மூடவும், ஏழு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கப்பலில் மிளகு ஏற்றவும் அங்கேயே உத்தரவு போட்டார்.

அரசர் ஏன் தோற்றதில்லை என்பது அரசரைத் தவிர அவையில் எல்லோருக்கும் தெரியும். நல்லாதனாரே முப்பத்தொரு முறை வேண்டுமென்றே தோற்றவர். இன்று எழுந்து உண்மை பேச அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“அரசே, மூடுமுன் ஒரே ஒரு ஆட்டம்” என்றார் அமைச்சர். “விடுதியில் இருக்கும் சுலாரி தங்களோடு ஆடட்டும். மருத்துவம் படிக்க வந்தவள். ஆட்டம் பழகி இரண்டு மாதம்தான். தாங்கள் வென்றால் விடுதிச் சாவியை நானே புலவர் கையில் தருகிறேன். யார் வென்றாலும் கோபமில்லை என்று ஒரு வாக்கு மட்டும் வேண்டும்.”

அரசர் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார். புலவரும் சிரித்தார்.

சுலாரி மணிநாகத் தீவுக்காரி. அவர்கள் ஊரில் ஆசிரியர் ஒன்றைச் சொன்னால், மாணவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, எது நிற்கிறது, எது விழுகிறது என்று மறுநாள் வந்து சொல்ல வேண்டும். அதுதான் அங்கே படிப்பு. கஷாயத்தைச் சூடாகக் குடி என்றால் அவள் ஆறவைத்தும் குடித்துப் பார்ப்பாள். அவளைப் பற்றி அமைச்சருக்கு வாரம் இரண்டு புகாராவது வரும்.

வெண்ணாவல் அவையிலும் ஒரு வழக்கம் இருந்தது. அரசரோடு ஆட வரும் புதியவர்களுக்கு, அவரிடம் பாங்காகத் தோற்பது எப்படி என்று புலவர் எழுதிய சுவடி ஒன்று ரகசியமாகப் போய்ச் சேரும். அன்று மத்தியானமும் ஒரு பிரதி விடுதிக்குள் போனது. நல்லாதனார் மாடத்திலிருந்து அதைப் பார்த்தார். அவர் நம்பியிருந்தது அதைத்தான். சுலாரியிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாதது நேர்மையா, தந்திரமா என்று மட்டும் மறுநாள் விடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவை கூடியது. வழக்கம்போல அரசர் புலிகளை எடுத்துக்கொண்டார். சுலாரி ஆடுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்துக்கொண்டே வந்தாள். அரசரால் இரண்டே ஆடுகளைத்தான் வெட்ட முடிந்தது. அதன்பின் மூன்று புலிகளும் மூலைக்கொன்றாக அடைபட்டு நின்றன.

“இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார் அரசர்.

“புலவர் ஐயாதான்” என்று அவள் சுவடியை எடுத்து நீட்டினாள். “‘ஆட்டுக்குப் பின்னால் எப்போதும் ஓர் இடம் காலியாக விடுக’ என்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன், புலியால் தாண்ட முடியவில்லை. ‘ஆடுகளைத் தனித்தனியே மேயவிடுக’ என்று இருந்தது. சேர்த்து வைத்தேன். ஒன்றுதான் புரியவில்லை ஐயா. ‘வெட்டுப்பட்டால் நெற்றியில் ஒருமுறை அடித்துக்கொள்க. இருமுறை அடித்தால் நடிப்பு தெரிந்துவிடும்.’ இது எதற்கு?”

அரசர் சுவடியை வாங்கி மெதுவாகப் படித்தார். பிறகு சேனாபதியைப் பார்த்தார். சேனாபதி தூணைப் பார்த்தார்.

“நல்லாதனாரே, நீருமா?”

“முப்பத்தொரு முறை, அரசே.”

“அப்படியானால் இருபது வருஷமாக நான் தனியாகவா ஆடிக்கொண்டிருந்தேன்?”

அமைச்சர் தலை குனிந்தபடியே சொன்னார். “அதனால்தான் அரசே, நாலு பேர் வெளியே போகட்டும், நாலு பேர் உள்ளே வரட்டும் என்கிறேன். அந்த ஊர்களில் இந்தச் சுவடி கிடைக்காது.”

அரசர் மிளகை இறக்கிவிட்டு ஏழு பேரையும் ஏற்றச் சொன்னார். விடுதிக்கு ஆகும் செலவு இனி எந்த அரசர் வந்தாலும் நிற்கக் கூடாது என்று செப்பேட்டில் வெட்டச் சொன்னார். கப்பலில் எட்டாவதாக ஓர் இடம் போட்டு, செம்பியதரையரை மூன்று வருஷம் மணிநாகத் தீவில் படித்துவிட்டு வரச் சொன்னார்.

“எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதே, அரசே” என்றார் புலவர்.

“திருப்பிப் பாரும். ஒத்துக்கொள்ளும்.”

அதன்பின் தினமும் சுலாரி அரசரோடு ஆடினாள், அரசர் தினமும் தோற்றார். மூன்று மாதம் கழித்து ஒருநாள் நல்லாதனாரைக் கூப்பிட்டுப் பலகைக்கு முன் உட்காரவைத்தார். “இன்று சுவடி இல்லாமல் ஆடும்” என்றார்.

நல்லாதனார் வாழ்நாளில் முதல்முறையாக முழு மூளையையும் போட்டு ஆடினார். ஒன்பது ஆடுகளை இழந்து தோற்றார். பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அரசரின் முகம் சுருங்கியது. “இருமுறை அடித்துக்கொண்டீரே, நடிப்பா?”

“இல்லை, அரசே. ஒன்று இந்த ஆட்டத்துக்கு. இன்னொன்று, அந்த முப்பத்தொன்றையும் வேண்டுமென்றே தோற்றதாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு.”